காலிச் சிம்மாசனத்துக்கு ஒரு கும்பிடு

முன்னொரு காலத்தில் பாபிலோன் பட்டணத்தை ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. ஒருநாள் திடீரென்று உத்தரவு போட்டார்: "பழைய ராஜாக்கள் சிறைபிடித்து வந்த ஜனங்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போகலாம். அவரவர் சாமி சிலையும் கோயில் பாத்திரங்களும் நம் கிடங்கில் கிடக்கின்றன. எடுத்துப் போய்க் கோயில் கட்டிக்கொள்ளுங்கள்!"

யூதர்கள் சந்தோஷத்தில் அழுதே விட்டார்கள். எருசலேமில் அவர்கள் கோயில் இடிந்து எத்தனையோ காலமாயிற்று. உடனே கழுதைகள்மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு கோட்டை வாசலில் கூடிவிட்டார்கள்.

அரண்மனையில் வர்தான் என்று ஒரு பிரபு. அந்தக் கோயிலில் கொள்ளையடித்த பொற்கிண்ணத்தில்தான் தினமும் திராட்சரசம் குடிப்பான். இவர்கள் போனால் கிண்ணமும் போய்விடுமே! நேரே ராஜாவிடம் ஓடினான்.

"மகாராஜா, எல்லாரும் சிலையோடு போனார்கள். யூதர்கள் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறார்கள். சாமியே இல்லாதவர்களுக்குக் கோயில் எதற்கு?" என்று பற்றவைத்தான்.

ராஜா, யூதரான மந்திரி அசரியேலைக் கூப்பிட்டார். "நாளைக்கு உங்கள் சாமியைக் காட்டும். இல்லாவிட்டால் மூட்டையை இறக்கச் சொல்லும்!"

யூதர்களுக்குச் சிலை வைக்கும் வழக்கமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சாமியை எங்கே போய்க் காட்டுவது? அசரியேல் சற்று யோசித்தார். "அப்படியே ஆகட்டும். நாளைக்கு மட்டும் தாங்கள் திரைக்குப் பின்னால் உட்காரவேண்டும்" என்றார்.

மறுநாள் வர்தான் சபைக்கு வந்தான். சிம்மாசனம் காலி. ஆனாலும் அரண்மனை வழக்கப்படி, நெற்றி தரையில் படக் கும்பிட்டான்.

"யாரைக் கும்பிடுகிறீர், பிரபுவே? அங்கே ஒருவரையும் காணோமே!" என்றார் அசரியேல்.

"என்ன பேச்சு ஐயா இது! ராஜா கண்ணில் படாவிட்டால் ராஜா இல்லையென்று ஆகிவிடுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட வர்தான்! அவர் சொல்லவேண்டியதை நீயே சொல்லிவிட்டாயே! போ, கோயில் பாத்திரங்களையெல்லாம் நீயே கொண்டுபோய் எருசலேமில் ஒப்படை. உன் வீட்டுக் கிண்ணத்தையும் சேர்த்துத்தான்!"

வர்தான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு யூதர்களோடு புறப்பட்டான். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனான். எருசலேமில் கோயில் இருந்த இடத்தைப் பார்த்தால் சுவர் இல்லை, கூரை இல்லை. முள்ளும் கரிந்த கல்லும்தான். அந்த வெட்டவெளியைப் பார்த்து யூதர்கள் அழுதுகொண்டும் பாடிக்கொண்டும் விழுந்து வணங்கினார்கள்.

நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் வர்தானும் நெற்றி தரையில் படக் கிடக்கிறான். காலியாக இருந்தாலும் கும்பிட்டுப் பழகிய உடம்பல்லவா! அவன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்து, கோயிலின் முதல் கல்லை அவன் நெற்றி பட்ட இடத்திலேயே வைத்தார்கள்.