கழுத்தில் டை இல்லாத மேலாளர்

டெக்சாஸிலிருந்து பின்லாந்துக்கு வேலைக்குப் போன கிளேட்டன், ஊரில் தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டான். மேலாளர் யோர்மா டையை இறுக்கிக்கொண்டார். எரிச்சல் வந்தால் அவருக்கு அதுதான் வழக்கம்.

"சாயங்காலம் நம்ம ஆபீஸ் நீராவிக் குளியலுக்கு வா. அங்கே பேசிக்கொள்ளலாம்."

இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆபீஸ் ஆம்பளைகள் அத்தனை பேரும் பிறந்த மேனியாகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! நடுநாயகமாக மேலாளர்! ஐயையோ, இவன் ஊரில் நீச்சல்குளத்துக்கே முழங்கால்வரை டிராயர் போட்டுக்கொண்டு இறங்குவார்களே!

"துணியோடு வரக்கூடாது," என்றார் யோர்மா. பயல் வெட்கப்பட்டு ஓடிவிடுவான், லீவுப் பேச்சும் ஒழியும் என்பது அவர் கணக்கு. "கூச்சப்படாதே அப்பா. இங்கே மேலாளரும் கிடையாது, சிப்பந்தியும் கிடையாது. எல்லாரும் சமம்!"

கிளேட்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டு துண்டை அவிழ்த்தான். உட்கார்ந்ததும், "என் லீவு, சார்?" என்றான்.

"மேலாளரே இல்லாத இடத்தில் லீவை யார் கொடுப்பது?" யோர்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அதுவும் சரிதான்," என்றான் கிளேட்டன். "எல்லாரும் சமம் என்றால் ஆளுக்கொரு ஓட்டு. தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் போகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்!"

பலகை முழுக்கக் கைகள் உயர்ந்தன. யோர்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கை பழக்க தோஷத்தில் விருட்டென்று கழுத்துக்குப் போனது. இறுக்குவதற்கு அங்கே டை ஏது? கை அந்தரத்திலேயே நின்றது.

"ரொம்ப நன்றி சார்," என்றான் கிளேட்டன். "நீங்களும் தூக்கிவிட்டீர்கள்!"