கப்பல் போகாத திசை

பனி உடைக்கும் கப்பல் ஒன்றை ஐந்து நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வரப்போகும் தென்துருவக் கோடையில் நம் பங்குக்கு வந்தது பன்னிரண்டு நாள். வந்து குவிந்த விண்ணப்பங்களோ முப்பத்தெட்டு.

தேர்வுக் குழுவின் தலைவர் பேராசிரியர் மங்கையர்க்கரசி. அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகும் அவரை விட்டு விலகாத இன்னாசிமுத்து, அந்த ஆண்டுதான் குழுவுக்குள் வந்தார்.

கழித்துக் கழித்து இரண்டு விண்ணப்பங்கள் மிஞ்சின. மேற்கே போனால் ஓர் ஆய்வுக் குழு பல்லாயிரம் ஆண்டுப் பழம்பனியைத் துளைத்து எடுத்து வரும். கிழக்கே போனால், ஆவுடையப்பன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் பனிக்கடியில் கடலுக்குள் இறக்கி வைத்த கருவியை மீட்கலாம். அதை மேலே வரவைக்கும் பேட்டரி இன்னோர் ஆண்டு தாங்காது. இரண்டு திசைக்கும் நாள் போதாது.

தேர்வுக் குழு சரிபாதியாகப் பிரிந்தது. இன்னாசிமுத்துவின் ஓட்டுதான் பாக்கி.

"எப்படி மேடம் தேர்ந்தெடுக்கிறது?"

"படிச்சியா?"

"நாலு தடவை."

"அப்ப சொல்லு."

"கிழக்கே பனி இறுகிக் கிடக்கு. கப்பல் உள்ளே போகுமான்னே சந்தேகம். பன்னிரண்டு நாளும் வீணாப் போயிடும். மேற்குதான்."

மங்கையர்க்கரசி தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆவுடையப்பனுக்கு நீயே சொல்லு."

"கடிதம் போகுமே மேடம்."

"போகட்டும். அவர் குரலையும் நீ கேட்கணும்."

இன்னாசிமுத்து சொல்லி முடிக்கும்வரை ஆவுடையப்பன் குறுக்கே பேசவில்லை.

"சரிங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் மேற்குதான் சொல்லியிருப்பேன்" என்றார். "வர்ற மே மாசத்தோட நான் ரிட்டயர் ஆகிறேன். அதான் கேட்டுப் பார்த்தேன்."

இன்னாசிமுத்து அன்றிரவு அந்த விண்ணப்பத்தை ஐந்தாவது தடவையாக எடுத்துப் படித்தார்.

கப்பல் மேற்கே போனது. பழம்பனி கிடைத்தது. எல்லோரும் தேர்வுக் குழுவைப் பாராட்டினார்கள்.

அதே கோடையில், ஜனவரி மாதம், செயற்கைக்கோள் படம் ஒன்று வந்தது. கிழக்கே பனி விலகி, கருவி கிடந்த இடத்துக்கு மேலே கடல் கறுப்பாகத் திறந்து கிடந்தது. ஒரே வாரம். கப்பல் அப்போது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது.

இன்னாசிமுத்து ஆவுடையப்பனை அழைத்தார்.

"படத்தைப் பாத்தேங்க" என்றார் அவரே முந்திக்கொண்டு. "இப்ப மறுபடி மூடிக்கிச்சு."

மறுநாள் காலை இன்னாசிமுத்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து பேராசிரியரின் மேசைமேல் வைத்தார். குழுவிலிருந்து விலகும் கடிதம்.

மங்கையர்க்கரசி அதைப் படித்தார். மடிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

"பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கீங்க. உங்களுக்கு இப்படி ஒண்ணும் நேரலையே மேடம்" என்றார் இன்னாசிமுத்து. "என் இடத்துல தப்பே பண்ணாத ஒருத்தரைப் போட்டுக்குங்க."

"அப்படி யாரும் கிடையாது, இன்னாசி. பண்ணின தப்பு என்னன்னு தெரியவராதவங்கதான் இருக்கோம்."