கேமரா போற வழி

இமயமலையில எங்க மலையேற்றக் குழு ஒரு பனிச்சரிவைத் தாண்டணும். முந்தின நாள் கொட்டின புதுப்பனி, வெயில் ஏறினதும் மேல விரிசல் விட்டிருந்துச்சு.

தலைவர் அனந்தபத்மன் தொண்டையைச் செருமினார். "பாறை மாதிரி இறுகியிருக்கு! சமையக்கார செவத்தையா முதல்ல போகட்டும். அவன் தாண்டிட்டான்னா நாம போவோம்."

நாங்க எட்டுப் பேரும் தலையாட்டினோம்.

"சரிங்க சார்"னான் செவத்தையா. "உங்க கேமராப் பையையும் குடுங்க, அந்தப் பக்கம் கொண்டுபோயி வச்சிடுறேன்."

"ஐயையோ! பனி சரிஞ்சா கேமரா போயிருமேடா!"ன்னு தலைவர் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

"அப்ப கேமரா எந்த வழியில வருதோ, அதே வழியில நானும் வர்றேன் சார்."

வந்த வழியே திரும்பி இறங்கினோம். கீழ வந்ததும் அவன்தான் டீ போட்டுக் குடுத்தான். "சக்கரை போதுமா சார்?"னு ஒவ்வொருத்தரா கேட்டான். நாங்க எல்லாரும் குனிஞ்சபடியே தலையாட்டினோம்.