புதன்கிழமை அறை

"தம்பி, இங்கே எனக்குப் பேச வாய் வரலை" என்றாள் பேச்சித்தாய்.

கூட்டம் முடிந்து ஆண்கள் போய்விட்டார்கள். சவரிமுத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் அக்கா?"

"எல்லாரும் ஆம்பளைங்க. குடிச்சிட்டுப் பொண்டாட்டியை அடிச்சேன்னு ஒருத்தர் சொல்றார். மத்தவங்க தலையை ஆட்டுறாங்க. குடிச்சிட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டேன்னு நான் சொன்னா, யாரு தலையை ஆட்டுவா?"

சவரிமுத்து கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

பேச்சித்தாய் வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். அந்தக் கொழுந்தை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு சவரிமுத்து டிரைவர். அவளைவிட இளையவன். அவனும் குடித்து விழுந்து கிடந்தவன்தான். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேச மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையைக் கேட்டு வாங்கினான். அந்த ஊரில் இந்தக் கூட்டம் அப்படித்தான் தொடங்கியது.

அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அவரவர் கதையை அவரவர் சொல்லலாம். குரு என்று யாரும் கிடையாது.

ஆனாலும் பேச்சித்தாய் எதுவானாலும் அவனிடம்தான் கேட்டாள்.

"என்னை மாதிரி இன்னொருத்தி வேணும் தம்பி. ஒரே ஒருத்தி போதும்."

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"புதன்கிழமை இந்த அறை சும்மாதான் கிடக்கு."

"நான் என்ன செய்ய?"

"திறந்து வைங்க."

புதன்கிழமை வேலை விட்டதும் வந்து திறந்தாள். கூட்டினாள். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள்.

வெளியே மழை பெய்தது. யாரும் வரவில்லை.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் குடிக்கிற பெண்கள் இருந்தார்கள். குளிருக்கென்று தொடங்கியவர்கள். உடம்பு வலிக்கென்று தொடங்கியவர்கள். குழாயடியில் அவர்களிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த புதனும் திறந்தாள். அதற்கடுத்த புதனும்.

எதிர் நாற்காலி காலியாகவே இருக்கும். சில நாள் அதில் தன் மகளை உட்காரவைத்துப் பார்ப்பாள். புருஷன் செத்த பிறகு வந்தது அவளுடைய குடி. அதைப் பார்த்துவிட்டு மாமியார் பிள்ளையைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் இப்போது எவ்வளவு உயரம் என்று பேச்சித்தாய்க்குத் தெரியாது. அதனால் நாற்காலியில் முகத்தை எந்த உயரத்தில் வைப்பதென்றும் தெரியவில்லை.

மழைக்காலம் பாதி போனபோது சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"யாரும் வரலை தம்பி."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லை."

"கதவை யாரு திறந்தது?"

"நான்தான்."

"குடிச்சிட்டா?"

"குடிச்சிருந்தா பூட்டுல சாவி நுழையுமா?"

சவரிமுத்து சிரித்தான். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. நாத்தனார்.

"மதினி, பாப்பா பெரியவளாயிட்டா. சடங்கு ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிட்டு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டா. எனக்குத்தான் மனசு கேக்கலை."

"பட்டு உடுத்தினாளா?"

"உடுத்தினா."

"என்ன கலர்?"

"மாம்பழக் கலர்."

பேச்சித்தாய் போனை வைத்தாள். அறையைப் பூட்டினாள். இறக்கத்தில் நடந்தாள்.

அந்தப் பாதை பிராந்திக் கடைக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். கால்களுக்கும் தெரியும்.

பெண்கள் கடை வாசலுக்குப் போவதில்லை. பின்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கிறது. அதன் கீழே நின்று, தெரிந்த ஆண் யாராவது வந்தால் அவரிடம் சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.

மரத்தடியில் ஏற்கெனவே ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாள். வேறு எஸ்டேட்காரி. பேச்சித்தாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சித்தாயும் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

"யாருக்கு நிக்கிறே?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"அண்ணன் வர்றேன்னாரு."

"எனக்கும் யாராவது ஒரு அண்ணன் வரணும்."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சித்தாய் முந்தானையால் முகத்து மழையைத் துடைத்தாள்.

"என் மக பெரியவளாயிட்டா" என்றாள். "என்னைக் கூப்பிடாம சடங்கு வச்சிட்டாங்க. இத்தனை நாள் தொடாம இருந்தேன். இன்னிக்கு முடியலை."

ஏன் ஒரு அந்நியப் பெண்ணிடம் இதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் தலையிலிருந்த தாளை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு பசங்க. என் காலடிச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுறானுங்க."

பேச்சித்தாய் தலையை ஆட்டினாள்.

கடையிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தான். இருவருக்கும் தெரிந்தவன்தான். "என்ன, வேணுமா?" என்று தூரத்திலிருந்தே கேட்டான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேலே ஒரு அறை இருக்கு" என்றாள் பேச்சித்தாய். "நனையாம உட்காரலாம்."

அந்தப் பெண்ணின் பெயர் ரோஸ்லின். அறையின் இரண்டு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்து இருட்டுகிற வரை பேசினார்கள். ஒருத்தி அழுதபோது மற்றவள் தேற்றவில்லை. ஒருத்தி நிறுத்திய இடத்தில் மற்றவள் தொடங்கினாள். பிறகு ஆளுக்கொரு பாதையில் வீட்டுக்குப் போனார்கள். கடைப் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் சவரிமுத்துவிடம் பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஒருத்தி வந்தா தம்பி."

"நல்லது அக்கா."

"நல்லதில்லை. நான் ஒண்ணும் அவளைக் காப்பாத்தப் போகலை. குடிக்கப் போன இடத்துல பார்த்தேன். அவ அங்கே நிக்கலைன்னா நான் குடிச்சிருப்பேன். இப்படியா ஒரு கூட்டத்தை ஆரம்பிக்கிறது?"

சவரிமுத்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னால, கடல் தாண்டி ஒரு தேசம். குடியை விட்டுக் கொஞ்ச மாசமே ஆன ஒருத்தர் தொழில் விஷயமா வெளியூர் போனார். போன காரியம் கெட்டுப்போச்சு. ஓட்டல்ல தனியா நிக்கிறார். உள்ளே குடிக்கிறவங்க சிரிக்கிற சத்தம் கேட்குது."

"அப்புறம்?"

"போனை எடுத்து, முன்னபின்னத் தெரியாதவங்களைக் கூப்பிட்டார். இந்த ஊர்ல இன்னொரு குடிகாரர் இருந்தா எனக்குக் காட்டுங்கன்னு கேட்டார்."

"திருத்தவா?"

"இல்லை. தானே குடிச்சிடுவோமோங்கிற பயத்துல."

பேச்சித்தாய் நிமிர்ந்தாள்.

"அந்த இன்னொருத்தர் கிடைச்சாரா?"

"கிடைச்சார். கால் மணி நேரத்துக்கு மேல இருக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தார். மணிக்கணக்காப் பேசிக்கிட்டு இருந்தாங்க. இந்தக் கூட்டமெல்லாம் அதுல இருந்து வந்ததுதான்."

மாதா கோயில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அக்கா."

"ரோஸ்லின் இந்தப் புதன்கிழமை வருவாளா?"

"தெரியாது."

"எந்த எஸ்டேட்னுகூடக் கேட்டுக்கலை. வரலைன்னா எங்கே போய்த் தேடுவேன்? ராத்திரியெல்லாம் இதே நினைப்புதான்."

"அவளுக்கும் இதே நினைப்பாத்தான் இருக்கும், அக்கா" என்றான் சவரிமுத்து. "நீங்க என்கிட்ட கேட்கிற மாதிரி கேட்கத்தான் அவளுக்கு யாரும் இல்லை."