இரண்டு தட்டு

சண்டை பழகப் போகிறவனுக்கு முதலில் அடிக்கத்தான் சொல்லித் தருவார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலமாகப் பரவிக் கிடக்கும் இந்தப் பிழையைத் திருத்துவது என் கடமை. முதலில் சொல்லித் தருவது தோற்பதை.

வாகைக்குளத்துச் சடையப்பன், ஒச்சப்பன், பேச்சிமுத்து மூவரும் இதை டவுனில் தெரிந்துகொண்டார்கள். மூவருக்கும் பொதுவாக மூன்று வெள்ளாடுகள் இருந்தன. இரண்டைப் பட்டப்பகலில் யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் செவலை ஒன்றுதான். அதன் பாலில்தான் மூவருக்கும் காலை டீ. அதையாவது காப்பாற்றலாம் என்று, அரிசி மில் மாடியில் நடக்கும் எம்.எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார்கள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை அது.

மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பிடி தாங்காதவன் தோத்துட்டேன்னு ரெண்டு தட்டு தட்டுவான். தட்டுன உடனே, எதைப் பிடிச்சிருந்தாலும் விட்டுடணும். யோசிக்கவே கூடாது."

யோசிக்கக் கூடாது என்பது மூவருக்கும் மிகவும் பிடித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஒச்சப்பன் படியில் தொங்கிக்கொண்டு வந்தான். வண்டி கிளம்பலாம் என்று கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். ஒச்சப்பன் கம்பியை விட்டான். முள்வேலியிலிருந்து பிரித்தெடுத்தபோது, கண்டக்டர் தோற்றுவிட்டதாக அவன் தெரிவித்தான்.

மறுநாள் ஒரு கல்யாணத்தில் மூவரும் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்ணின் தகப்பனார் "பலே" என்று சடையப்பன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அன்றைய பந்தி ரசத்திலிருந்து தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் திருடன் வந்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் காத்திருந்த மூவரும் பாய்ந்தார்கள். பேச்சிமுத்து காலைப் பிடித்தான், ஒச்சப்பன் இடுப்பை. சடையப்பன் போட்ட கழுத்துப்பிடியை மாஸ்டர் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார். மூச்சு முட்டிய திருடன் கையால் தரையை அடித்தான். இரண்டு தட்டு.

மூவரும் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"அண்ணன் எங்க பழகுனது?" என்று பேச்சிமுத்து மரியாதையாகக் கேட்டான்.

திருடன் கழுத்தைத் தடவிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செவலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். செவலை அவன் முதுகில் குளம்பால் உதைத்தது.

"செவலை தட்டிருச்சுடா," என்றான் ஒச்சப்பன். "இப்ப விட்டுருவான் பாரு."

திருடன் விடவில்லை. வரப்பைத் தாண்டுவதற்குள் செவலை பதினோரு தட்டு தட்டியிருந்தது.

"நாம போய்ப் புடுங்குவமா மாமா?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

"தட்டுனது ஆடு, விட வேண்டியது அவன். நடுவுல நமக்கென்ன வேலை மாப்ளே?" என்றான் சடையப்பன். "முறை தெரியாத ஆளு. சொல்லித்தர ஆளில்லாம வளர்ந்திருக்கான்."

மனது கேட்காமல் சடையப்பன் அரை மைல் ஓடிப்போய்த் திருடனை எட்டிப் பிடித்து, வகுப்பு நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் நான்கு பேர் இருந்தார்கள். புதியவர் குருபக்தி உள்ளவர். மாஸ்டருக்கு ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுப்பால் கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ போட்டுக் கொடுத்தார்.

ஒச்சப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம செவலை பாலு மாதிரியே இருக்கு," என்றான்.

புதியவர் பிரியமாக அவன் தோளில் இரண்டு தட்டு தட்டினார்.

டம்ளர் உடைந்தது.