வெள்ளிக்கிழமைத் தகடு

விடிந்தால் மாநில அறிவியல் போட்டி. இந்த நேரம் பார்த்துத்தானா இசக்கியம்மாளின் தலையில் இடி விழ வேண்டும்?

உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. உப்புத்தூசி படிந்தால் சோலார் தகடு மந்தமாகிவிடும். பதினோராம் வகுப்பு இசக்கி அதற்கென்று ஒரு கற்றாழைக் கரைசல் காய்ச்சியிருந்தாள். மொட்டைமாடியில் இரண்டு தகடுகள். ஒன்றைத் தினமும் கரைசலால் துடைப்பாள். மற்றதை யாரும் தொடக் கூடாது. எட்டு வாரம், தினமும் நண்பகலில் எத்தனை வாட் என்று மீட்டர் பார்த்து நோட்டில் குறித்தாள். போட்டியில் முதல் மூன்று பேருக்குக் கல்லூரி முடியும்வரை உதவித்தொகை. அது கிடைக்காவிட்டால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

வரைபடம் போட உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. தொடாத தகட்டின் கோடு நாளுக்கு நாள் இறங்கத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமைதோறும் துள்ளி ஏறியிருந்தது.

பள்ளியைப் பெருக்கும் சண்முகக்கனியிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"வெள்ளியும் அதுவுமா அழுக்கா கெடந்துச்சு பிள்ள. நீ மறந்துட்டேன்னு நெனச்சு, காலையில வந்ததும் முந்தானையால ஒரு தொடை தொடைச்சிருவேன்," என்றாள் அவள், பெருமையாக.

இசக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நோட்டோடு இயற்பியல் எடுக்கும் பெர்பெத்துவா டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"டீச்சர், வெள்ளிக்கிழமைகள மட்டும் அழிச்சிரட்டுமா?"

டீச்சர் மேசைமேல் கிடந்த ரப்பரை எடுத்து நீட்டினார்.

"தாராளமா அழி. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் சத்தமா வாசி. ரெண்டு தகட்டையும்."

"முதல் வெள்ளி. கரைசல், எண்பத்தொண்ணு. தொடாதது, எண்பது." அழித்தாள்.

"ரெண்டாவது வெள்ளி. எண்பத்திரண்டு. எண்பத்தொண்ணு." அழித்தாள்.

மூன்றாவதில் குரல் இழுத்தது. நான்காவதில் ரப்பர் அந்தரத்தில் நின்றது.

"டீச்சர்... வியாழன் வரைக்கும் அறுபதுல கெடக்கு. ஒத்தத் தொடைப்புல எண்பது! கரைசல் இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!"

மீதியையும் மூச்சு விடாமல் வாசித்தாள். எல்லாம் அப்படியே. நாற்காலி சாய்ந்தது கூடத் தெரியாமல் குதித்தாள். குடிதண்ணீருக்கே லாரியைப் பார்த்து நிற்கும் ஊர் அது. அழித்ததையெல்லாம் பேனாவால் திரும்ப எழுதினாள்.

எழுதி முடித்ததும் முகம் சுருங்கியது.

"அப்ப என் கரைசல்?"

"முகத்துக்குப் பூசிக்கோ. பளபளன்னு இருக்கும்."

இசக்கி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அது தேவையே இல்லன்னு நானே மேடையில சொல்லணுமா? உதவித்தொகை போயிரும் டீச்சர்."

"போகலாம்."

இசக்கி நோட்டையே பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்பதைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

"சொல்லுதேன் டீச்சர். ஆனா, இத யாரு கண்டுபிடிச்சான்னு நடுவர் கேப்பாங்களே?"

டீச்சர் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சண்முகக்கனி! நாளைக்கு வெள்ளி. மாடித் தகட்ட நான் தொடைச்சிட்டு வாரேன். நீ இந்தப் பிள்ளகூட முன்னாடி போய் போட்டிக்குப் போற வேன்ல ஏறு."