பத்திரத்தில் இருந்த ஜலம்

அநியாயம் நடந்தது வாத்துக்காரி ராசகிளிக்கு. கொள்ளிடக் கரையில் தோப்பு வாங்கிக் குடிவந்த நீலமேகம், அவளுடைய வாத்துகள் இனி ஆற்றில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாத்துக்கு ஆறில்லை என்றால் அவளுக்குச் சோறில்லை.

மனிதர் கெட்டவரில்லை. பட்டணத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவர், அவ்வளவுதான். கிரயப் பத்திரங்களில் 'ஜலம், தரு, பாஷாணம் உட்பட' என்று ஒரு வரி வரும். நிலத்துக்குள் இருக்கும் கிணறும் மரமும் கல்லும் சேர்த்தி என்று அர்த்தம். இவரோ வடக்கு எல்லை ஆறு என்பதையும் அந்த ஜலத்தையும் சேர்த்துப் படித்து, ஆற்றையே வாங்கிவிட்டதாக முடிவு கட்டினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் வாயை மூடிக்கொண்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது.

"தண்ணி உன்னுதுன்னு பத்திரம் இருந்தா காட்டும்மா, வாத்த இறக்கிக்கோ" என்றார் நீலமேகம்.

"எங்கிட்ட ஏதுங்கய்யா பத்திரம்? உங்க பத்திரம் என்னைக்கு முடிஞ்சுது?" என்றாள் ராசகிளி.

"ஆவணி பதினெட்டு."

"அன்னைக்கு ஓடின தண்ணி பூராவும் உங்களுதுதாங்கய்யா, யாரு இல்லேன்னா? அது கடலுக்குப் போய் மூணு மாசமாச்சு. இப்ப ஓடுறது இன்னைக்குக் காலையில வந்தது, இன்னும் யாரும் பத்திரம் முடிக்கல. நீங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள என் வாத்து குளிச்சுட்டு ஏறிடும்."